காலால் தள்ளினால் ஓடும் டிரெட்மில்

கேள்வி: என் தந்தைக்கு வயது 67. தினமும் நடக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியதால் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வீட்டுக்கு ஒரு டிரெட்மில் வாங்கினோம். இடையில் எட்டு மாதம் அதைப் பயன்படுத்தாமல் மடித்துச் சுவரோரம் நிறுத்தி வைத்திருந்தோம். இப்போது பிளக்கைச் செருகினால் திரை எரிகிறது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் 3, 2, 1 என்று எண்ணுகிறது. அதன் பிறகு கீழேயிருந்து ஒரு முனகல் மட்டும் வருகிறது, பெல்ட் நகரவில்லை. ஐந்தாறு நொடிகளில் முனகலும் நின்று, திரையில் ஏதோ பிழைக் குறியீடு வருகிறது. தொலைபேசியில் கேட்டபோது, மோட்டார் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார் பழுதுபார்ப்பவர். நேற்று என் தம்பி பெல்ட்டைக் காலால் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தான். சட்டென்று ஓடத் தொடங்கியது. நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் பழையபடி முனகல்தான். போர்டை மாற்றிவிடலாமா? அதுவரை தம்பி தள்ளிவிட, அப்பா நடக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தம்பி தள்ளிவிட, அப்பா நடக்க வேண்டாம். ஒரு நாள்கூட வேண்டாம். தள்ளினால் மட்டும் ஓடும் மோட்டார், ஓட்டத்தின் நடுவிலும் மின்தொடர்பை இழக்கக்கூடும். ஆள் மேலே நடந்துகொண்டிருக்கும்போது அப்படி நேர்ந்தால் பெல்ட் காலுக்கடியில் வெடுக்கென்று நிற்கும். உடல் மட்டும் முன்னே போகும். இருபது வயதுக்காரர் கைப்பிடியைப் பற்றிச் சமாளித்துவிடுவார். 67 வயதில் அதற்கான அரை நொடி கிடைக்காமல் போகலாம். தம்பியின் காலுக்கும் ஆபத்து உண்டு. நிற்கும் பெல்ட்டில் எடையை ஊன்றித் தள்ளும்போது மோட்டார் திடீரென்று பிடித்துக்கொண்டால் ஆளைப் பின்னால் வாரிவிடும். இயந்திரம் சரியாகும்வரை அப்பா தரையில் நடக்கட்டும். பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பாதுகாப்புச் சாவியையும் (கழற்றினால் இயந்திரம் நின்றுவிடும், கயிறு கட்டிய சிறு சாவி) கழற்றி அவர்களுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இனி போர்டு விஷயத்துக்கு வருகிறேன். போர்டு என்பது மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் மின்னணு அட்டை. தம்பி தள்ளியதும் ஓடியது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். அதைத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் அந்தப் பழுதுபார்ப்பவரும் போர்டு என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டார்.

மின்சாரம் போகும் வழியை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். பிளக்கிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து போர்டு, போர்டிலிருந்து மோட்டார். மோட்டார் ஒரு சிறிய வரிப்பள்ள பெல்ட்டைச் சுழற்றுகிறது. அதை டிரைவ் பெல்ட் என்போம். டிரைவ் பெல்ட் முன்பக்க ரோலரைச் சுழற்றுகிறது, ரோலர் நீங்கள் நடக்கும் பெரிய பெல்ட்டை இழுக்கிறது. திரை எரிகிறது என்பதால் பிளக்கும் சுவிட்சும் நலம். எண்ணிக்கை ஓடுவதால் பாதுகாப்புச் சாவி தன் இடத்தில் இருக்கிறது. முனகல் வருவதால் திரையிலிருந்து கீழே இறங்கும் கம்பியும் கட்டளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, போர்டும் மோட்டாருக்கு ஏதோ அனுப்புகிறது. இவையெல்லாம் சேர்ந்தாலும் போர்டு நன்றாகவே இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் ஒரு தள்ளு தள்ளியதும் மோட்டார் ஓடியதே, அதற்கான மின்சாரத்தைக் கொடுத்தது அந்தப் போர்டுதான். செத்துப்போன போர்டைக் காலால் தள்ளி உயிர்ப்பிக்க முடியாது.

ஆகவே சந்தேகம் இரண்டு இடங்களில்தான் விழுகிறது. ஒன்று, மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ், அதாவது சுழலும் பகுதியைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு, தேய்ந்தோ சிக்கியோ இருக்கிறது. மோட்டார் சில கோணங்களில் நிற்கும்போது அதற்குத் தொடர்பு கிடைப்பதில்லை. தள்ளியதும் கோணம் மாறித் தொடர்பு கிடைத்துவிடுகிறது. இன்னொன்று, பெல்ட்டுக்கும் அதன் அடியில் இருக்கும் பலகைக்கும் இடையே எண்ணெய் வறண்டு, பெல்ட் பலகையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிற்கும் பொருளை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகர்கிற பொருளைத் தொடர்ந்து நகர்த்தத் தேவைப்படுவதைவிட அதிகம். அந்த முதல் தடையை மோட்டாரால் தனியாகத் தாண்ட முடியவில்லை. தம்பியின் கால் தாண்டிவைத்தது. இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்திருப்பதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். வறண்ட பெல்ட்டை இழுத்து இழுத்தே பிரஷ் தேய்ந்துபோகும்.

எது என்று கண்டுபிடிக்கும் வழிகளில் பெரும்பாலானவை வீட்டிலேயே செய்யக்கூடியவை. தொடங்கும் முன் ஒரு நிபந்தனை. சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக் சுவரிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். அதன் பிறகும் பத்து நிமிடம் காத்திருங்கள். போர்டில் உருளை வடிவ மின்தேக்கிகள் இருக்கின்றன. 230 வோல்ட் இணைப்பில் அவற்றில் ஏறத்தாழ 325 வோல்ட் டி.சி. (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) தேங்கி நிற்கும், 120 வோல்ட் இணைப்பானால் ஏறத்தாழ 170. பிளக்கை எடுத்த நொடியிலேயே அது வடிந்துவிடுவதில்லை. போர்டில் சிறு விளக்கு ஏதாவது எரிந்தால் அது முற்றிலும் அணைந்திருக்க வேண்டும். அப்போதும் போர்டைத் தொட வேண்டிய வேலை உங்களுக்கு எதுவும் இல்லை.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். பிளக் வெளியே இருக்கும் நிலையில் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் பெல்ட்டின் மீது வைத்துப் பின்னோக்கித் தள்ளுங்கள். கொஞ்சம் எதிர்ப்பு இருக்கும், அது இயல்பு. பெல்ட்டோடு சேர்ந்து மோட்டாரையும் நீங்கள் சுழற்றுகிறீர்கள். ஆனால் அந்த எதிர்ப்பு தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராக இருக்க வேண்டும். முதலில் அசையவே மறுத்துவிட்டுப் பிறகு வழுக்கிக்கொண்டு போனால் எண்ணெய் வறட்சி. ஓர் இடத்தில் மட்டும் இறுகிப் பிறகு விட்டுக்கொடுத்தால் ரோலரையோ பெல்ட்டின் இணைப்பையோ பார்க்க வேண்டும். கரகரவென்று மணல் அரைபடும் ஓசை கேட்டால் ரோலரின் பேரிங். எவ்வளவு முயன்றும் நகரவில்லை என்றால் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு பின்பக்க ரோலருக்கு அடியில் பாருங்கள். விளையாட்டுப் பொருளின் சக்கரம், காலுறை, நாணயம் என்று எத்தனையோ அங்கே சிக்கியிருக்கப் பார்த்திருக்கிறேன். எட்டு மாதம் மடித்து நிறுத்தியிருந்தது என்கிறீர்கள், பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கிச் சட்டத்தோடு உரசுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது எண்ணெய். இதில் கொஞ்சம் நிதானிக்க விரும்புகிறேன், ஏனென்றால் நான் பார்க்கும் டிரெட்மில் பழுதுகளில் எவ்வளவோ இங்கேதான் தொடங்குகின்றன. பெல்ட்டின் ஓரத்தை லேசாகத் தூக்கி, கையை உள்ளே நுழைத்து, கால் படும் நடுப்பகுதி வரை கொண்டுபோங்கள். ஓரத்தில் தொட்டுப் பார்ப்பதால் பயனில்லை, அங்கே யாரும் மிதிப்பதில்லை என்பதால் எண்ணெய் எப்போதும் இருக்கும். நடுவில் விரலைத் தேய்த்து எடுத்தால் விரல் நுனி வழவழப்பாக இருக்க வேண்டும். உலர்ந்து, கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தால் பலகை மாதக்கணக்கில் எண்ணெய் இல்லாமல் உழைத்திருக்கிறது. பெல்ட்டின் அடிப்புறம் துணி போல நெய்யப்பட்டது. அந்த நெசவு தெரியாமல் கண்ணாடி போலப் பளபளத்தால் அந்த பெல்ட் தேய்ந்தே விட்டது, இனி எண்ணெய் விட்டாலும் சில வாரங்களுக்குத்தான் தாங்கும்.

ஒரு வீட்டுக்கு மூன்றாவது ஆளாகப் போனேன். எனக்கு முன்பு வந்த இருவரும் ஆளுக்கு ஒரு போர்டு மாற்றியிருந்தார்கள், இரண்டும் சில மாதங்களில் எரிந்துவிட்டன. மூன்றாவது போர்டு பெட்டியோடு மேசை மீது இருந்தது. நான் மூடியைத் திறக்கும் முன்பு பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டேன். பலகையின் நடுவில், இரண்டு பாதங்களும் விழும் இடங்களில், பூச்சு முழுவதும் போய் மரம் சொரசொரவென்று தட்டுப்பட்டது. விரலால் தடவினாலே இரண்டு நீள்வட்டப் பள்ளங்கள் தெரிந்தன. அந்த வீட்டுப் பெரியவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் கையை உள்ளேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பலகையையும் பெல்ட்டையும் மாற்றி, எண்ணெய் விட்ட பிறகுதான் அந்த மூன்றாவது போர்டைப் பொருத்தினேன். அது இன்றும் ஓடுகிறது.

டி.சி. மோட்டாரின் திருப்புவிசை அதில் பாயும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. பெல்ட் இறுக்கமாக இருந்தால் மோட்டார் அதிக மின்னோட்டம் கேட்கும். போர்டில் உள்ள மின் சாதனங்கள் அந்த மின்னோட்டத்தைக் கடத்தும்போது சூடாகும். சூடு மிகுந்தால் எரியும். ஆகவே போர்டு எரிவது பல நேரங்களில் கடைசி நிகழ்ச்சி. தொடக்கம் பெல்ட்டுக்கு அடியில் நடந்திருக்கும். அதனால்தான் உங்கள் இயந்திரத்தில் போர்டே போயிருந்தாலும் முதலில் பெல்ட்டுக்கு அடியில் பாருங்கள் என்பேன்.

அப்பா மெதுவாகத்தானே நடக்கிறார், இயந்திரத்துக்கு என்ன கஷ்டம் என்று நினைக்கலாம். உண்மையில் மெதுவான நடைதான் மோட்டாரை அதிகம் வருத்தும். ஓடும்போது கால் பெல்ட்டை ஒரு நொடியில் சிறு பங்கு நேரமே தொடுகிறது. மெதுவாக நடக்கும்போது உடலின் முழு எடையும் நீண்ட நேரம் பெல்ட்டைப் பலகையோடு அழுத்துகிறது. மோட்டார் மெதுவாகச் சுழல்வதால் அதோடு சேர்ந்த விசிறியும் போதிய காற்றைத் தருவதில்லை. ஆகையால் வயதானவர்கள் நடக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இதைக் கடைகளில் யாரும் சொல்லி அனுப்புவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

விட வேண்டியது டிரெட்மில்லுக்கென்று விற்கும் தூய சிலிகான் எண்ணெய் மட்டுமே. சமையல் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய், துருப்பிடித்த ஆணிக்கு அடிக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். அவை பெல்ட்டின் ரப்பரையும் பசையையும் கெடுக்கும், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதலில் மெல்லிய துணியை பெல்ட்டுக்கு அடியில் இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் எடுத்து, முன்னும் பின்னும் இழுத்துப் பழைய அழுக்கைத் துடையுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 10 முதல் 15 மில்லி எண்ணெயைப் பலகையின் நடுப்பகுதியில் வளைந்து வளைந்து போகும் கோடாக விடுங்கள். அதிகம் விட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். மிஞ்சிய எண்ணெய் ரோலருக்குப் போனால் பெல்ட் வழுக்கும். சில இயந்திரங்களின் பலகை மெழுகு பூசி வருவது, அதற்கு எண்ணெயே விடக் கூடாது. உங்களிடம் இருக்கும் கையேட்டில் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எண்ணெய் விட்டதும் பெல்ட்டைக் கையால் நாலைந்து சுற்றுத் தள்ளிவிட்டு, யாரும் மேலே ஏறாமல், பக்கவாட்டில் நின்று போட்டுப் பாருங்கள். ஓடிவிட்டால் ஐந்து நிமிடம் குறைந்த வேகத்தில் வெறுமனே ஓடட்டும். நிறுத்தி மறுபடி போடுங்கள். பத்து முறை நிறுத்திப் போட்டும் பத்து முறையும் தானாகவே கிளம்பினால் உங்கள் பழுது எண்ணெய்தான். ஒன்றிரண்டு முறையாவது முனகி நின்றால் பிரஷைப் பார்த்தே ஆக வேண்டும்.

பிரஷைப் பார்க்கும் முன்பு, சந்தேகத்தை இரண்டாகப் பிரித்துத் தரும் ஒரு சோதனை இருக்கிறது. திருகுகளைக் கழற்றி முன்பக்க மூடியைத் தூக்குங்கள். மோட்டாருக்கும் ரோலருக்கும் இடையே டிரைவ் பெல்ட் தெரியும். பிளக் வெளியே இருக்கட்டும். டிரைவ் பெல்ட்டை ரோலரின் கப்பியிலிருந்து ஓரமாகத் தள்ளிக்கொண்டே கப்பியை மெதுவாகச் சுழற்றினால் அது கழன்று வரும். விரல் பெல்ட்டுக்கும் கப்பிக்கும் நடுவே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில இயந்திரங்களில் இது மிக இறுக்கமாக இருக்கும். வரவில்லை என்றால் ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டாம், வரிகள் கிழியும், விட்டுவிடுங்கள். கழன்றதும் அதை மோட்டாரில் சுற்றிக்கொள்ளாதபடி ஓரமாக ஒதுக்கி, எல்லோரும் கையை எடுத்துத் தள்ளி நின்று, ஒருவர் மட்டும் பிளக்கைப் போட்டு மிகக் குறைந்த வேகத்தில் ஸ்டார்ட் அழுத்தட்டும். தொங்கும் ஆடை, அவிழ்ந்த தலைமுடியோடு மூடி திறந்த இயந்திரத்தின் பக்கத்தில் யாரும் குனியக் கூடாது.

மோட்டார் தயங்காமல் சுழன்றால் அதன்மேல் விழும் சுமைதான் பிரச்சினை. பெல்ட்டுக்கும் ரோலருக்கும் திரும்புங்கள். சுமையே இல்லாமலும் முனகினால் பழுது மோட்டாருக்குள் இருக்கிறது. சுழன்ற மோட்டார் சில நொடிகளில் நின்று பிழைக் குறியீடு வந்தால் பதற வேண்டாம். பல இயந்திரங்களில் வேகத்தை அளக்கும் சென்சார் ரோலரின் பக்கம் இருக்கும். ரோலர் சுற்றாததால் அது நிறுத்திவிடுகிறது. அந்த நிலையில் போர்டு வேகத்தைக் கூட்டவும் பார்க்கும் என்பதால் இந்தச் சோதனையை ஒன்றிரண்டு நொடிகளுக்கு மேல் நீட்டிக்காதீர்கள். கிடைக்க வேண்டிய பதில் அதற்குள் கிடைத்துவிடும்.

இனி பிரஷ். மறுபடியும் பிளக் வெளியே, மறுபடியும் பத்து நிமிடம். மோட்டாரின் ஒரு முனையில், எதிரெதிர்ப் பக்கங்களில், நாணயம் அளவில் இரண்டு கறுப்பு மூடிகள் இருக்கும். தட்டை ஸ்குரூ டிரைவரால் ஒன்றைத் திருகினால் ஸ்பிரிங்கோடு ஒரு சிறிய சதுரக் கரித்துண்டு வெளியே வரும். அதுதான் பிரஷ். எடுக்கும்போதே எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்; அதன் நுனி மோட்டாரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து பழகியிருக்கும், திருப்பிப் போட்டால் பழைய இருக்கையில் உட்காராது. ஒன்றைப் பார்த்துத் திரும்பப் பொருத்திய பிறகே அடுத்ததைத் திறங்கள்.

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல பிரஷின் நுனி குழிந்து, வழவழப்பாக, பென்சில் கரி போல மினுங்கும். நுனியில் பள்ளம், பொரிந்த வெடிப்பு, ஒரு மூலை மட்டும் உடைந்திருப்பது, ஸ்பிரிங் நீலம் பாய்ந்து தளர்ந்திருப்பது எல்லாமே மோட்டார் நெருப்புப் பொறியோடு ஓடியிருக்கிறது என்பதற்கு அடையாளம். கரித்துண்டின் நீளம் புதிதாக இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டாலோ ஒரு செ.மீ.க்குக் குறைந்துவிட்டாலோ மாற்றிவிடுங்கள். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அகலம், தடிமன், ஸ்பிரிங் வகை மூன்றும் ஒத்துப்போவதையே வாங்குங்கள். கிட்டத்தட்ட சரியாக இருப்பதை உரசிப் பொருத்துவது வேண்டாம்.

நீளம் போதுமானதாக இருந்தும் பிரஷ் வெளியே வர மறுத்தால் அதுவே நாம் தேடிய விடை. எட்டு மாதம் அசையாமல் இருந்த மோட்டாரில் கரிப்பொடியும் ஈரமும் சேர்ந்து பிரஷை அதன் கூட்டுக்குள் இறுக்கிவிடுவது உண்டு. ஸ்பிரிங் அழுத்தினாலும் அது முன்னே போவதில்லை, சுழலும் செம்புத் துண்டுகளை அரைகுறையாகத் தொட்டுக்கொண்டு நிற்கும். உலர்ந்த சிறு தூரிகையால் கூட்டைத் துடைத்து, பிரஷ் தன் எடையிலேயே உள்ளே வழுக்கிப் போகிறதா என்று பாருங்கள். இங்கே எண்ணெய் ஒரு துளிகூடப் படக் கூடாது. கரிப்பொடி மின்சாரத்தைக் கடத்தும், ஆகையால் ஊதிப் பறக்கவிடாதீர்கள். போர்டின் மீது படியும். தூசி உறிஞ்சியால் இழுத்துவிடுவது நல்லது.

பிரஷ் வெளியே இருக்கும்போதே அந்தத் துளைக்குள் டார்ச் அடித்து, கப்பியைக் கையால் மெதுவாகத் திருப்பினால் செம்புத் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கடந்து போவதைப் பார்க்கலாம். கம்யூட்டேட்டர் என்பது இதுதான். எல்லாத் துண்டுகளும் ஒரே பழுப்பு நிறத்தில் இருந்தால் நல்லது. ஒன்றோ இரண்டோ மட்டும் கருகியிருந்தால் அந்தத் துண்டோடு இணைந்த கம்பிச் சுருள் உள்ளே அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. மோட்டார் அந்த இடத்தில் வந்து நின்றால் கிளம்பாது, தள்ளினால் கிளம்பும். அதற்குப் புதிய பிரஷ் போட்டாலும் தீராது. மோட்டாரைச் சுருள் கட்டுபவரிடம் காட்ட வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

தம்பிக்கு மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும் என்றால் மோட்டாரின் இரண்டு தடித்த கம்பிகளையும் போர்டிலிருந்து கழற்றி, அவற்றுக்கிடையே மின்தடை அளக்கட்டும். சில ஓம்கள் காட்ட வேண்டும். கப்பியைக் கையால் மிக மெதுவாகத் திருப்பும்போது எங்காவது தொடர்பே இல்லை என்று மீட்டர் காட்டினால் செத்த இடம் அதுதான். கம்பிக்கும் மோட்டாரின் உலோக உடலுக்கும் நடுவே தொடர்பு எதுவும் இருக்கக் கூடாது; இருந்தால் அந்த மோட்டாரை மின்சாரத்தில் இணைக்கவே வேண்டாம். பல மோட்டார்களில் தடித்த கம்பிகளோடு இரண்டு மெல்லிய கம்பிகளும் வரும். அவை சூடு மிஞ்சினால் தொடர்பை அறுக்கும் சுவிட்சுடையவை, ஆறிய மோட்டாரில் அவற்றுக்கிடையே தொடர்பு இருக்க வேண்டும். வீட்டில் செய்யும் மின் சோதனை இத்துடன் நிற்கட்டும். இயங்கும் போர்டின் முனைகளில் வோல்ட் அளப்பது பழகிய கைகளுக்கான வேலை.

புதிய பிரஷ் போட்டால் உடனே அப்பாவை ஏற்றிவிடாதீர்கள். அதன் தட்டையான நுனி மோட்டாரின் வளைவுக்குப் பழக வேண்டும். ஆள் ஏறாமல் அரை மணி நேரம் குறைந்த வேகத்தில் ஓடட்டும். முதலில் சிறு பொறிகளும் கரி வாடையும் வரும், போகப் போகக் குறையும். குறையாமல் நீல நெருப்பு வளையமாகத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

உங்கள் இயந்திரத்துக்குப் பொருந்தாத சில நிலைமைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே தொல்லையோடு வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். பெல்ட் நன்றாகக் கிளம்பி நாலைந்து நொடிகளில் தானாக நின்றால் வேக சென்சாரைப் பாருங்கள். கப்பியில் ஒட்டியிருக்கும் சிறு காந்தம் விழுந்திருக்கும், அல்லது சென்சார் அதிலிருந்து விலகியிருக்கும். இரண்டுக்கும் நடுவே சில மி.மீ. இடைவெளிதான் இருக்க வேண்டும். எண்ணிக்கை முடிந்தும் முனகலோ ஓசையோ எதுவுமே வரவில்லை என்றால் கைப்பிடிக் குழாய்க்குள் இறங்கும் கம்பி மடிப்பில் நசுங்கியிருக்கலாம். மோட்டார் சுழல்வது காதில் கேட்டும் ஆள் ஏறியதும் பெல்ட் நின்றால் எங்கோ வழுக்குகிறது. முன் ரோலரும் சேர்ந்து நின்றால் டிரைவ் பெல்ட் தளர்வு. ரோலர் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரிய பெல்ட் தளர்வு. பெரிய பெல்ட்டை இறுக்கப் பின்பக்கம் இரண்டு திருகுகள் உண்டு. ஆலன் கீயால் (அறுகோண முனையுள்ள சாவி) இரண்டையும் சம அளவில், ஒரு முறைக்குக் கால் சுற்று மட்டும், வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். பெல்ட்டின் ஓரத்தை நடுவில் தூக்கினால் 5 முதல் 7 செ.மீ. வரை எழும்ப வேண்டும். அதற்குக் குறைவாக எழும்பினால் மிகவும் இறுக்கிவிட்டீர்கள், அதுவும் மோட்டாரைக் கொல்லும்.

இதற்கு நேர்மாறான ஒரு பழுதும் உண்டு. சுவிட்சைப் போட்டதுமே, ஸ்டார்ட் அழுத்தும் முன்பே, பெல்ட் முழு வேகத்தில் பாய்ந்தால் போர்டில் ஒரு சாதனம் உள்ளுக்குள் இணைந்துபோய்விட்டது. அது உண்மையான போர்டுப் பழுது, மிக ஆபத்தானதும்கூட. இதனால்தான் எந்த டிரெட்மில்லையும் பெல்ட்டின் மீது நின்றுகொண்டு கிளப்பாதீர்கள் என்று நான் வாய் வலிக்கச் சொல்கிறேன். இரண்டு பக்கப் படிகளில் கால் வைத்து நின்று, பெல்ட் மெதுவாக ஓடத் தொடங்கிய பிறகு இறங்க வேண்டும். அப்பாவுக்கும் இதைப் பழக்கிவிடுங்கள்.

எண்ணெய் விட்டு, பிரஷ் சரிபார்த்து, மோட்டாரின் மின்தடையும் ஒழுங்காக இருந்து, அதன் பிறகும் முனகினால் அப்போது போர்டைப் பற்றிப் பேசலாம். பழுதுபார்ப்பவரை நேரில் வரச் சொல்லுங்கள். முனகல் வருகிறது, தள்ளினால் ஓடுகிறது, டிரைவ் பெல்ட்டைக் கழற்றியபோது மோட்டார் இப்படி நடந்துகொண்டது, பிரஷின் நீளம் இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மோட்டாரை போர்டிலிருந்து பிரித்து, சிறிய 12 வோல்ட் மின்கலத்தில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல டி.சி. மோட்டார் சுமையில்லாமல் அந்த 12 வோல்ட்டிலேயே மெதுவாக, சீராகச் சுழலும். கப்பியை வெவ்வேறு கோணங்களில் நிறுத்தி ஐந்தாறு முறை தொட வேண்டும். எல்லா முறையும் கிளம்பினால் மோட்டார் குற்றமற்றது, போர்டை மாற்றச் சம்மதிக்கலாம். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்ய மறுத்து, போர்டுதான் என்று சாதிப்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

சரியான பிறகு முதல் நாள் தம்பி நடக்கட்டும். இருபது நிமிடம் நடந்து முடித்ததும் மோட்டார் மூடியின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடும் எரிந்த வாடையும் இருக்கக் கூடாது. பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், அதுவும் சூடாகக் கூடாது. மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் இணைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகச் சுவரில் இணையுங்கள். அடுத்தடுத்த நாள்களில் பலமுறை நிறுத்திப் போட்டு, ஒருமுறைகூடத் தயங்கவில்லை என்று உறுதியான பிறகு அப்பா ஏறலாம். பாதுகாப்புச் சாவியின் கயிற்றில் இருக்கும் கிளிப்பை அவருடைய சட்டையில் மாட்டிவிடுங்கள். மாட்டாமல் கைப்பிடியில் தொங்கவிடுவதுதான் எல்லா வீடுகளிலும் வழக்கமாகிவிட்டது. முதல் வாரம் அவர் நடக்கும்போது நீங்களோ தம்பியோ பக்கத்தில் நில்லுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். மறுபடி நீண்ட நாள் நிறுத்திவைக்க நேர்ந்தால் மாதம் ஒருமுறை இறக்கி ஐந்து நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள். பிரஷைக் கழற்றியதும் அதன் நீளத்தையும் நுனியின் நிலையையும், முடிந்தால் புகைப்படத்தோடு, எனக்கு எழுதி அனுப்புங்கள். கருகிய செம்புத் துண்டு தென்பட்டால் அதை மறக்காமல் குறிப்பிடுங்கள். மோட்டாரைச் சுருள் கட்டுவதா, மாற்றுவதா என்று அப்போது சொல்கிறேன்.